முதலில் வெப்பம் போகும் வழி: விண்வெளி அணுமின் இயந்திரங்களை வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, கண்காட்சிக் காலம் நெருங்கும்போது மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் வரைபடங்களில் விண்வெளி அணுமின் நிலையம் தவறாமல் இருக்கும். தாளின் நடுவே அணுவுலை பெரிதாக வரையப்பட்டிருக்கும்; பக்கத்தில் சுழலியும் மின்பிறப்பாக்கியும் அளவெடுத்து நிழல் தீட்டப்பட்டிருக்கும்; ஓரத்தில், இடம் மிஞ்சியிருந்தால், விரற்கடை அளவுப் பெட்டியொன்றுக்குள் 'குளிராக்கி' என்று எழுதப்பட்டிருக்கும். இங்கே நான் சொல்லப்போகும் தவறுகளுள் பெரும்பாலானவை அந்த விரற்கடைப் பெட்டியிலிருந்தே பிறக்கின்றன. விண்வெளிக்கான வெப்ப இயந்திரத்தில் முதலில் வரைய வேண்டியதும், தாளில் அதிக இடத்தைப் பிடிக்க வேண்டியதும் வெப்பத்தை வெளியே வீசும் பரப்பே. உலை அதற்குப் பின்னர்தான் வருகிறது.

இதற்காக மாணவர்களைக் கடிந்துகொள்ள முடியாது. நாம் பார்த்துப் பழகிய வெப்ப இயந்திரங்கள் எல்லாம் காற்றும் நீரும் தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் ஓடுபவை. வயலில் நிற்கும் லாண்ட் மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் தாங்கியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறைந்தால் வாய்க்காலில் ஒரு வாளி அள்ளி ஊற்றிவிட்டு உழவைத் தொடரலாம். 900 மெகாவாற்று வலுவுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையமும் பக்கத்திலுள்ள கடலின் நீரைக்கொண்டே தன் ஆவியை ஒடுக்குகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு, குளிர்விக்க ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடைக்காத இயந்திரம் என்பது எளிதில் மனத்தில் படியாது.

விண்வெளி குளிரானது என்ற நம்பிக்கை

விண்வெளியின் பின்னணி வெப்பநிலை ஏறத்தாழ 2.7 கெல்வின் என்று படித்தவுடன், அத்தனை குளிரில் வெப்பத்தைக் கொட்டுவது சுலபம் என்று எண்ணுவதே முதலாவது தவறு. வெப்பம் மூன்று வழிகளில் செல்லும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. கடத்தலுக்கும் மேற்காவுகைக்கும் ஊடகமாக ஒரு பொருள் இருக்க வேண்டும். வெற்றிடத்தில் அது இல்லை. மிஞ்சுவது கதிர்வீசல் மட்டுமே. வெற்றிடம் குளிரானது என்பதைவிட, அது வெப்பக் குடுவையின் சுவருக்குள் இருக்கும் வெளியைப் போன்றது என்று கொள்வது வடிவமைப்பவருக்குப் பயன் தரும். தேநீர் ஆறாமல் இருப்பது அந்த வெற்றிடத்தால்தான்.

தண்ணீரைக் கொண்டுபோய் ஆவியாக்கி வெளியே விட்டாலென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்குப் போதும். 300 கிலோவாற்றுக் கழிவு வெப்பத்தை நீரை ஆவியாக்கியே அகற்றுவதானால், நாளொன்றுக்கு 11 தொன்னுக்கு மேல் நீர் வேண்டும். வறட்சிக் காலத்தில் பவுசரை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைத்தவர்களுக்கு இந்த அளவு புரியும். அங்கே பவுசரும் வராது.

கதிர்வீசல் எத்தகையது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். மீள்குடியேற்றத்தின் பின்னர் தகரக் கொட்டில்களில் இருந்தவர்கள் பின்னிரவில் கூரையிலிருந்து நீர் சொட்டக் கண்டிருப்பார்கள். மழை இராது. தகரம் தன் வெப்பத்தைத் தெளிந்த வானத்துக்கு வீசிச் சூழவுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோவதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் ஒடுங்குகிறது. அது உண்மையான கதிர்வீசல்தான். ஆனால் எவ்வளவு மெதுவானது என்பதைக் கவனிக்க வேண்டும். 300 கெல்வினில், அதாவது நமது சாதாரண அறை வெப்பநிலையில், பூரண கரும்பொருளின் ஒரு சதுர மீற்றர் பரப்பு வீசுவது ஏறத்தாழ 459 வாற்று மட்டுமே. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 70 கிலோவாற்று வெப்பத்தை வெளியேற்றுவதற்காக, அமோனியா ஓடும் பெரிய வெண்ணிறப் பலகைகளை விரித்துவைத்திருக்கிறது. அந்தப் பலகைகளைச் சூரியப் பலகைகள் என்று நினைத்துவிடுபவர்கள் பலர்.

ஸ்டெபானின் விதிப்படி வீசப்படும் வலு, தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமம். வெப்பநிலை இரட்டித்தால் வீச்சு 16 மடங்காகும். இந்த நான்காம் அடுக்குத்தான் விண்வெளி வெப்ப இயந்திரத்தின் எசமான்.

வினைத்திறனைத் துரத்துதல்

இரண்டாவது தவறு சற்றுப் படித்தவர்கள் செய்வது. ஆகவே திருத்துவதும் கடினம். கார்னோ வினைத்திறனை, அதாவது இரு முனை வெப்பநிலைகளுக்கிடையே எந்த வெப்ப இயந்திரமும் அடையக்கூடிய உச்ச வினைத்திறனை, கூட்டுவதற்குக் குளிர்முனையின் வெப்பநிலையை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது தரையில் நல்ல பாடம். விண்வெளியில் அதே பாடம் இயந்திரத்தைப் பாரத்தால் கொன்றுவிடும்.

எடுத்துக்காட்டாக, 100 கிலோவாற்று மின் தரும் இலட்சிய இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூடான முனை 1100 கெல்வின். கதிர்வீசும் பரப்பின் காலற்றிறன் (பூரண கரும்பொருளோடு ஒப்பிட்ட வீசும் திறன்) 0.9. குளிர்முனையை 300 கெல்வினில் வைத்தால் வினைத்திறன் ஏறத்தாழ 73 சதவீதம். கழிவு வெப்பம் 37.5 கிலோவாற்று மட்டுமே. பார்ப்பதற்கு அழகான எண்கள். ஆனால் அந்தச் சிறிய வெப்பத்தை அந்தத் தாழ்ந்த வெப்பநிலையில் வீசுவதற்கு ஏறத்தாழ 91 சதுர மீற்றர் பரப்பு வேண்டும். குளிர்முனையை 825 கெல்வினுக்கு உயர்த்தினால் வினைத்திறன் 25 சதவீதமாக வீழ்கிறது. கழிவு வெப்பம் 300 கிலோவாற்றாக, எட்டு மடங்காக, ஏறுகிறது. ஆயினும் தேவைப்படும் பரப்பு ஏறத்தாழ 13 சதுர மீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. எட்டு மடங்கு வெப்பத்தை ஏழிலொரு பங்கு பரப்பு வீசுகிறது.

825 என்ற எண்ணை நான் விருப்பப்படி தெரிவுசெய்யவில்லை. சூடான முனையின் வெப்பநிலை மாறாதிருக்க, கதிர்வீசும் பரப்பு மிகக் குறைவாக அமைவது குளிர்முனை அதன் நான்கில் மூன்று பங்காக இருக்கும்போதுதான். தேவைப்படும் பரப்பு, குளிர்முனை வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கை இரு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி வருவதற்கு நேர்மாறு விகிதசமம். அந்தப் பெருக்கத்தின் உயர்வுப் பெறுமானத்தைத் தேடினால், வகையீடு தெரிந்த எந்த உயர்தர மாணவரும் ஐந்து நிமிடத்தில் விடை காண்பார். உண்மையான இயந்திரம் கார்னோவின் பாதி வினைத்திறனையே தருகிறது என்று கொண்டாலும் விடை கீழே இறங்குவதில்லை, விகிதம் 0.78 அளவுக்கு உயரவே செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த நான்கில் மூன்று என்பது கதிர்வீசும் பரப்பை மட்டும் கருதிக் கிடைத்தது. உலைக்கும் கவசத்துக்கும் வெப்ப மாற்றிகளுக்கும் திணிவு உண்டு. வினைத்திறன் குறையக் குறைய அவையும் வளரும். அமுக்கிச் சூடாக்கிய வாயுவால் சுழலியைச் சுற்றும் பிரேற்றன் வட்டத்தில், வாயு கதிர்வீசியினூடே செல்லச் செல்லக் குளிர்கிறது. அமுக்கியின் வாயிலில் அது எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அமுக்கும் வேலையும் குறையும். ஆகவே நடைமுறை வடிவமைப்புகளில் விகிதம் 0.75 இலும் தாழ்ந்தே அமையும். எவ்வாறாயினும், பார்க்க வேண்டிய அளவு சதவீதம் அல்ல. ஒரு கிலோவாற்று மின்னுக்கு மொத்தமாக எத்தனை கிலோகிராம் என்பதே.

'வினைத்திறன் குறைந்தால் எரிபொருள் வீணாகுமே' என்ற மறுப்பு உடனே எழும். டீசல் விலையை நாள்தோறும் பார்க்கும் எவருக்கும் அது இயல்பான மறுப்பு. ஆனால் ஒரு மெகாவாற்று வெப்பத்தை ஒரு நாள் முழுதும் தருவதற்கு ஏறத்தாழ ஒரு கிராம் யுரேனியம்-235 பிளவுற்றால் போதும். மேலே கண்ட 25 சதவீத இயந்திரத்துக்கு 400 கிலோவாற்று வெப்பம் வேண்டும்; அதைப் பத்து ஆண்டுகள் ஓட்டினாலும் பிளவுறுவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். 73 சதவீத இயந்திரமானால் அரைக் கிலோகிராம். சேமிப்பு ஒரு கிலோகிராம். ஆனால் தொடர்தாக்கம் நிலைப்பதற்கே உலையில் பன்மடங்கு யுரேனியம் இருந்தாக வேண்டும்: சில கிலோவாற்று வெப்பத்துக்கென அமெரிக்காவில் கட்டிச் சோதிக்கப்பட்ட கிறஸ்ரி என்ற சிறிய உலையின் அகடே (எரிபொருள் உள்ள நடுப்பகுதியே) ஏறத்தாழ 28 கிலோகிராம் யுரேனியம்-235 கொண்டிருந்தது. எரிபொருளின் அளவை அவதித் திணிவு, அதாவது தொடர்தாக்கம் நிலைக்கத் தேவையான மிகக் குறைந்த திணிவு, தீர்மானிக்கிறது, வினைத்திறன் அல்ல. ஒரு கிலோகிராம் யுரேனியத்தைச் சேமிக்க எண்பது சதுர மீற்றர் பலகையைச் சுமப்பவர் எந்தக் கணக்கிலும் தோற்றவரே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு என்பதால்தான் குழப்பம் ஏற்படுகிறது. 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களும் செவ்வாயில் ஊரும் கியூரியோசிற்றியும் அணுவுலையில் இயங்குபவை அல்ல. அவற்றில் இருப்பது புளூட்டோனியம்-238 தானாகத் தேயும்போது எழும் வெப்பம். அதன் அரைவாழ்வுக் காலம் 87.7 ஆண்டுகள், அதை அணைக்க ஆளி கிடையாது. கியூரியோசிற்றியின் மின்கலன் 4.8 கிலோகிராம் புளூட்டோனியம் ஈரொட்சைட்டிலிருந்து தொடக்கத்தில் ஏறத்தாழ 2000 வாற்று வெப்பம் பெற்று, அதில் ஏறத்தாழ 110 வாற்றையே மின்னாக்கியது. புளூட்டோனியம்-238 மிக அரிதானது என்பதால் அங்கே வினைத்திறனுக்கு உண்மையில் விலை உண்டு. அதே மின்னை நான்கிலொரு பங்கு எரிபொருளில் பெறலாம் என்ற எண்ணத்தில்தான் நாசா, மூடிய வாயுவைச் சூடாக்கியும் குளிர்வித்தும் ஆடுதண்டை அசைக்கும் ஸ்டேர்லிங் இயந்திரம் பூட்டிய மின்கலன் ஒன்றை உருவாக்க முயன்று, 2013 இல் நிதி நெருக்கடியால் கைவிட்டது. ஓர் உலைக்கான கணக்கை இந்த மின்கலனுக்கும், இதற்கான கணக்கை உலைக்கும் போடுவது, நான் திருத்தும் தாள்களில் ஆண்டுதோறும் காணும் தவறு.

பரப்பு எதைப் பார்க்கிறது

மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் செதில்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கதிர்வீசியையும் நெருக்கமான செதில்களாக வரைவார்கள். காற்று ஊடே ஓடும்போதுதான் அந்த நெருக்கம் உதவும். வெற்றிடத்தில் ஒரு செதில் வீசும் வெப்பத்தை எதிரேயுள்ள செதில் வாங்கிக்கொள்கிறது. கணக்கில் வருவது வெறும் வானத்தைப் பார்க்கும் பரப்பு மட்டுமே. ஆகவேதான் நல்ல கதிர்வீசிகள் இருபுறமும் வானம் தெரியும் தட்டையான பலகைகளாக உள்ளன. மேற்பரப்பும் முக்கியம். பளபளக்கும் புதிய உலோகம் வெப்பத்தை மிகக் குறைவாகவே வீசும். விறகடுப்பில் கரிபிடித்த பானையின் அடி நன்றாக வீசும். மினுக்கிய அலுமினியப் பலகையை வரைந்து அதற்குக் காலற்றிறன் 0.9 என்று எழுதுவது பொருந்தாது.

பரப்புக்கு எதிரே வெறும் வானம் இல்லாதபோதும் கணக்கு மாறும். புவியின் வெப்பமும் சூரிய ஒளியும் சேர்ந்து சூழலை 250 கெல்வினுக்குச் சமமாக்கினால், 300 கெல்வினில் வீசும் பலகை தன் பயனில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். முன்னர் கண்ட 91 சதுர மீற்றர் 175 ஆகிவிடும். 825 கெல்வினில் வீசும் பலகைக்கு அது ஒரு சதவீதத்துக்கும் குறைந்த இழப்பு. நிலவில் நண்பகலில் தரை 390 கெல்வினை எட்டுகிறது. அந்தத் தரையை நோக்கி நிற்கும் 300 கெல்வின் பலகை வெப்பத்தை வீசுவதற்குப் பதிலாக வாங்கவே செய்யும். வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.

சூடான முனையை இன்னும் சூடாக்கினால்

மேற்சொன்னதைக் கேட்ட கெட்டிக்கார மாணவி ஒருத்தி, அப்படியானால் எல்லாவற்றையும் 2000 கெல்வினுக்கு உயர்த்திவிடலாமே என்றாள். கேள்வி சரியானது, தடை பொருளில் இருக்கிறது. சுழலிகளுக்குப் பயன்படும் நிக்கல் கலப்புலோகங்கள் ஏறத்தாழ 1150 கெல்வினுக்கு மேல், பல ஆண்டுக் கால இழுவிசையின் கீழ் மெல்ல மெல்ல நீளத் தொடங்கும். விமான இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்து அலகுகளை மாற்றலாம்; விண்வெளியில் பத்து ஆண்டுகளுக்குக் கழற்ற ஒருவரும் இல்லை. உருகுநிலையைப் பார்த்துப் பொருளைத் தெரிவுசெய்வதே இங்கு நிகழும் பிழை. பார்க்க வேண்டியது அந்த வெப்பநிலையில் அந்தச் சுமையில் அது எத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கும் என்பது. நியோபியம், மொலிப்டினம், டங்ஸ்டன் போன்றவை அதிக சூட்டைத் தாங்கும், ஆனால் சூடாக இருக்கும்போது ஒட்சிசன் பட்டால் கெட்டுப்போகும். ஆகையால் வெற்றிடத்தில் நன்றாக ஓடும் நியோபியக் குழாயை, காபனீரொட்சைட்டே பெரும்பங்காக உள்ள செவ்வாயின் வளியில் மூடாமல் வைக்க முடியாது.

எந்த இயந்திரம்

அசையும் பாகம் இல்லாததே நம்பகமானது என்பது நெடுநாள் நம்பிக்கை. அதற்கு நியாயமும் உண்டு. வெப்பநிலை வித்தியாசத்தை நேரே மின்னாக்கும் வெப்பமின் இணைகள் வொயேஜரில் பல பத்தாண்டுகளாக உழைக்கின்றன. ஆனால் அவை வெப்பத்தில் ஏறத்தாழ ஆறு சதவீதத்தையே மின்னாக்குகின்றன. வலு கூடக் கூட உலையும் கவசமும் கதிர்வீசியும் தாங்க முடியாதபடி பெருத்துவிடும். மறுபுறம், உராய்வின்றித் தாங்கப்பட்ட மூடிய ஸ்டேர்லிங் இயந்திரங்கள் ஆய்வுகூடத்தில் பராமரிப்பே இல்லாமல் 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடியுள்ளன. சில கிலோவாற்றுக்கு ஸ்டேர்லிங், பல பத்துக் கிலோவாற்றுக்கு மேல் பிரேற்றன் என்பது என் கணிப்பு. இதில் நிபுணர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு.

பிரேற்றனைத் தெரிவுசெய்பவர்கள் வாயுவில் தவறுகிறார்கள். ஹீலியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று அதை மட்டும் நிரப்பினால், அத்தனை இலேசான வாயுவை அமுக்குவதற்குச் சுழலியில் பல படிகள் வேண்டியிருக்கும். செனன் கனமானது, படிகள் குறையும், ஆனால் வெப்பத்தை மந்தமாகவே கடத்தும். இரண்டையும் கலந்து சராசரி மூலக்கூற்றுத் திணிவை 40 அளவில் வைப்பது இதற்கான வழக்கமான தீர்வு. ஆகனின் திணிவும் அதுவே என்றாலும், கலவை ஆகனைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது.

திரவத்தை ஆவியாக்கிச் சுழலியை ஓட்டி மீண்டும் ஒடுக்கும் ரேங்கின் வட்டத்தைத் தெரிவுசெய்பவர்களின் தவறு வேறு. அரிசி ஆலையின் கொதிகலனில் நீர் கீழேயும் ஆவி மேலேயும் இருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. புவியீர்ப்பு அதைச் செய்கிறது. எடையற்ற நிலையில் கீழும் இல்லை, மேலும் இல்லை. குமிழ் எழும்பாது, திரவமும் ஆவியும் கலந்த நுரை கொதிகலனிலேயே நிற்கும், ஒடுக்கியில் ஒடுங்கிய துளி பம்பின் வாயைத் தேடி வராது, பம்பு ஆவியை உறிஞ்சிக் கெடும். 1960களில் அமெரிக்கர்கள் பாதரசத்தை ஆவியாக்கும் ரேங்கின் இயந்திரங்களைத் தரையில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். இயலாத காரியம் அல்ல. சுழற்றியோ குழாய்க்குள் திருகுபட்டி வைத்தோ திரவத்தைப் பிரிக்கலாம். வரைபடத்தில் அந்த ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

சுழலும் பொருள் விண்கலத்தையும் திருப்பும் என்பதால் எதிர்த்திசைகளில் சுழலும் இரண்டாகவும், ஸ்டேர்லிங் ஆயின் முகத்துக்கு முகம் அதிரும் இரண்டாகவும் பூட்ட வேண்டும். இதை மறப்பவர்கள் குறைவு.

உறைந்துபோகும் குழாய்கள்

உலையிலிருந்து வெப்பத்தை எடுத்துவரும் உருகிய உலோகம் தொடக்கத்தில் உருகியிருக்குமா என்று பார்க்கத் தவறுகிறார்கள். இலிதியம் மிகச் சிறந்த வெப்பக்காவி. ஆனால் 180 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். சோடியம் 98 பாகையில் உறையும். உலை அணைந்த நிலையில் ஏவப்பட்டு, ஒழுக்கில் (சுற்றுப்பாதையில்) குளிர்ந்து கிடக்கும் விண்கலத்தில் இவை கட்டியாகத்தான் இருக்கும். சூடேறும்போது ஒரு முனை மட்டும் முதலில் உருகிப் பருத்தால் குழாய் வெடிக்கலாம். சோடியமும் பொற்றாசியமும் தகுந்த விகிதத்தில் கலந்த கலவை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 12 பாகை வரை திரவமாகவே இருப்பதால், 1965 சித்திரை 3 அன்று ஏவப்பட்ட ஸ்நாப்-10ஏ அதைப் பயன்படுத்தியது. அமெரிக்கா இதுவரை ஒழுக்கில் இயக்கிய ஒரே பிளவு உலை அது. 43 நாட்களில் நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் உலை அல்ல. விண்கலத்தின் மின்னழுத்தச் சீராக்கி. மாணவர்கள் உலைக்கு மூன்று பக்கமும், மின்சுற்றுக்கு ஒரு வரியும் எழுதும்போது இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

கவசம் குடையா, கூடா

நியூத்திரனையும் காமாக் கதிரையும் தடுக்க உலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கனமான கவசம் வரைவது தரையின் பழக்கம். விண்வெளியில் காற்று இல்லாததால் கதிர் நேர்கோட்டிலேயே செல்கிறது. சிதறித் திரும்பிவர எதுவும் இல்லை. ஆகவே உலைக்கும் விண்கலத்துக்கும் இடையில் மட்டும் ஒரு தடுப்பு வைத்து, அதன் நிழலில் மற்றவை அனைத்தையும் அடக்கினால் போதும். நியூத்திரனுக்கு இலிதியம் ஐதரைட்டு, காமாவுக்கு டங்ஸ்டன் என்று அந்தத் தடுப்பு அடுக்கப்படும். உலையையும் விண்கலத்தையும் இணைக்கும் கம்பத்தின் நீளத்தை இரட்டித்தால் கதிர் நான்கிலொன்றாகும். கம்பத்தினதும் கம்பியினதும் திணிவு அதற்கு ஈடாகக் கூடும்.

இந்த நிழல் கவசத்தைச் சரியாக வரைந்தவர்களும் அடுத்த இடத்தில் சறுக்குவார்கள்: கதிர்வீசிப் பலகைகள் நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது அவற்றில் பட்ட நியூத்திரன் சிதறி விண்கலத்துக்கே வரும். எந்தக் கவசமும் இடையில் இல்லை. இத்தகைய வடிவமைப்புகளில் கதிர்வீசிகள் உலைப் பக்கம் ஒடுங்கியும் மறுபக்கம் விரிந்தும் முக்கோணமாக அமைவது அழகுக்காக அல்ல. அந்த நிழலின் வடிவமே முக்கோணம்.

நிலவின் தரையில் மனிதர் நடமாடும்போது இந்தக் கணக்கு மாறும். அவர்கள் எல்லாத் திசையிலும் இருப்பார்கள். மண் கதிரைச் சிதறடிக்கும். மண்ணையே கவசமாக்கி உலையைக் குழியில் இறக்குவது அங்கே முன்வைக்கப்படும் வழிகளுள் ஒன்று. மண் எதைத் தடுக்கும் என்பதை வன்னியில் விளக்க வேண்டியதில்லை.

மணல் அளவுள்ள விண்கல் துகள்கள் பலகைகளைத் துளைக்கும். முழுக் கதிர்வீசியிலும் ஒரே குழாய் ஓடினால் ஒரு துளையோடு எல்லாம் முடிந்தது. தனித்தனியே மூடிய வெப்பக்குழாய்களாகப் பிரித்தால் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். பாத்தி கட்டி நீர் பாய்ச்சுபவர்களுக்கு இது புதிதல்ல.

ஏவும் நாளும் கடைசி நாளும்

ஓடும் காலத்தை மட்டும் வடிவமைப்பது இன்னொரு தவறு. ஏவுகலம் கடலில் வீழ்ந்தால் உலைக்குள் புகும் நீர் நியூத்திரன்களை மந்தமாக்கும். வெளியில் பாதுகாப்பாக இருந்த அகடு நீருக்குள் அவதி நிலையை அடையக்கூடும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1992 இல் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள் இதை நேராகவே சொல்கின்றன: இயங்கும் ஒழுக்கை அடையும் முன் உலை இயக்கப்படலாகாது, வெடித்தாலும் மோதினாலும் நீரில் அமிழ்ந்தாலும் அது தானாக இயங்கத் தொடங்கலாகாது. ஒரு முறையும் இயக்கப்படாத யுரேனியம் அதிகம் ஆபத்தானதல்ல. இயக்கிய பின்னர் சேரும் பிளவு விளைவுகளே ஆபத்து.

அந்த ஆபத்து 1978 தை 24 அன்று கண்கூடாயிற்று. உலை பூட்டிய கொஸ்மொஸ் 954 என்ற சோவியத் செய்மதி கட்டுப்பாடிழந்து கனடாவின் வடமேற்குப் பகுதியில் சிதறியது. சோவியத் ஒன்றியம் பின்னர் மூன்று மில்லியன் கனேடிய டொலரை இழப்பீடாகச் செலுத்தியது. அதன்பின் வந்த செய்மதிகள் பணி முடிந்ததும் அகட்டை உயர்ந்த ஒழுக்கில் வெளியே தள்ளும்படி மாற்றப்பட்டன. நல்ல திருத்தம்தான், ஆனால் அகட்டைத் தள்ளும்போது குழாய்களிலிருந்த உருகிய உலோகம் துளிகளாகக் கொட்டியது. அத்துளிகள் ஏறத்தாழ 900 கிலோமீற்றர் உயரத்தில் நெடுங்காலம் சுற்றின. ஒரு தவறின் திருத்தத்தில் வெப்பக்காவியை மறந்ததன் பயன் அது.

அணைத்த பின்னர் உலை குளிர்ந்துவிடும் என்பதும் தவறு. நெடுநாள் ஓடிய உலை அணைத்த கணத்தில் தன் முழு வலுவில் ஆறேழு சதவீதத்தையும், ஒரு நாளின் பின்னர் ஏறத்தாழ அரைச் சதவீதத்தையும் வெப்பமாகத் தந்துகொண்டே இருக்கும். மேலே கண்ட 400 கிலோவாற்று உலைக்கு அது முதலில் 25 கிலோவாற்று அளவு. பம்பு நின்றுபோன நிலையிலும் அந்த வெப்பம் கதிர்வீசியை அடைய ஒரு வழி வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கோலை ஒவ்வொரு கணமும் அசைத்துத்தான் உலையை ஓட்ட வேண்டும் என்ற எண்ணத்தை, முன்னர் குறிப்பிட்ட கிறஸ்ரியின் சோதனை நன்றாகத் தகர்க்கிறது. 2018 பங்குனியில் நெவாடாப் பாலைவனத்தில் 28 மணி நேரம், ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் அது ஓட்டப்பட்டது. இயந்திரங்கள் எடுக்கும் வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும், ஈற்றில் முற்றாக நிறுத்தியும் பார்த்தார்கள். வெப்பம் எடுக்கப்படாதபோது அகடு சற்றே சூடேறி விரிந்தது. விரிந்த அகட்டிலிருந்து அதிக நியூத்திரன்கள் தப்பிச் சென்றதால் பிளவு குறைந்தது. கோல் அசையாமலே வலு தானாக இறங்கி நின்றது. இயந்திரம் கேட்டதை உலை கொடுத்தது, கேளாதபோது அடங்கியது. குளிர்முனையிலிருந்து வரையத் தொடங்குபவருக்கு உலை எப்படி இடம்கொடுக்கிறது என்பதை அந்த 28 மணி நேரத்தின் வெப்பநிலை வரைபு காட்டுகிறது. வகுப்பில் ஸ்டெபானின் விதியை நடத்தும் நாளிலேயே அதையும் நான் கரும்பலகையில் வரைந்துவிடுகிறேன்.